கவலைக் கிணறு, கல்லுக்களம், கூரை போன சாளை: இதையெல்லாம் மேப்புல என்னன்னு குறிக்கிறது?

கேள்வியை ஒருதரம் சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், இடையில படிக்கிறவங்களுக்கும் புரியணும். பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவுல நாலஞ்சு ஊரை நீங்க சில பேர் சேர்ந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல, அதாவது யார் வேணாலும் திருத்தலாங்கற இலவச உலக மேப்புல, ஏத்திட்டு இருக்கீங்க. ரோடு, கோயில், ஸ்கூல் எல்லாம் பிரச்சனை இல்லாம முடிஞ்சுது. தோட்டத்துக்குள்ள இறங்குனதும்தான் சண்டை. மாடு கட்டித் தண்ணி இறைக்கிற கவலை ஓட்டுன பழைய கிணறு, கல்லுப் பாவுன களம், கதவு போன மோட்டார் ரூம், கூரை விழுந்த சாளை (தோட்டத்துக் குடிசை), இதையெல்லாம் ஒருத்தர் ஹிஸ்டாரிக்னு போடுறார், இன்னொருத்தர் யூஸ்ல இல்லாததை எதுக்கு வெச்சிருக்கணும்னு அழிச்சிடறார், மூணாவது ஆள் ஒரே நைட்ல அத்தனையையும் ரூயின்ஸ்னு மாத்திட்டார். எது சரி, எப்படி எல்லாரும் ஒரே மாதிரி குறிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க.

எனக்குத் தெரிஞ்சு மூணு பேருமே தப்பான கேள்விக்குப் பதில் தேடிட்டு இருக்காங்க. "இது பழசா, புதுசா, செத்துப்போச்சா"ன்னு ஒரே வார்த்தையில முடிக்கப் பாக்குறாங்க. தோட்டத்துல நிக்கிற எந்தக் கட்டுமானத்துக்கும் மூணு தனித்தனிக் கேள்வி இருக்குது. இதை என்னவா கட்டுனாங்க? இப்ப என்ன நிலைமைல இருக்குது? இப்ப அதுல என்ன நடக்குது? இந்த மூணையும் மூணு இடத்துல எழுதுனா முக்கால்வாசிச் சண்டை அங்கயே தீந்துரும். ஒரே டேக்குக்குள்ள, அதாவது மேப்புல ஒரு பொருளுக்கு ஒட்டுற ஒரே குறிப்புக்குள்ள, மூணையும் திணிக்கும்போதுதான் ஆளுக்கு ஒண்ணு தோணுது.

கிணத்துல இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா உங்க பக்கத்துல அதுதான் அதிகம், சிக்கலும் அதுலதான் ஜாஸ்தி.

கவலைக் கிணத்தைப் பத்தி இந்தக் குழுவுல இருக்கிற சின்னப் பசங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை, அதனால ஒரு பாரா. எங்க பக்கம் கவலை, மதுரை திருநெல்வேலிப் பக்கம் கமலை, சில ஊர்ல கபிலைன்னும் சொல்வாங்க. சதுரமாவோ நீளச் சதுரமாவோ பாறையைக் குடைஞ்சு எடுத்த பெரிய கிணறு, கரையில ரெண்டு கல்லுத்தூண், அதுல உருளை, உருளை மேல வடக்கயிறு. கயித்தோட ஒரு முனையில சாலு, அதாவது தண்ணி மொள்ற பெரிய வாளி, அடியில தோல்ல தும்பிக்கை மாதிரி ஒரு வால். இன்னொரு முனை மாட்டு நுகத்தடியில. மாடு ரெண்டும் சரிவான பாதையில கீழ இறங்கும், ஓட்டுறவர் கயித்து மேலயே ஏறி உக்காந்து தன் பாரத்தையும் குடுப்பார், சாலு மேல வந்ததும் வால் தொட்டிக்குள்ள விழுந்து தண்ணி தானாக் கொட்டும். மறுபடி மாடு பின்னாடியே ஏறி வரும். அந்தச் சரிவுப் பாதையை எங்க ஊர்ல வாரின்னு சொல்வாங்க, உங்க ஊர்ல வேற பேர் இருந்தா அதையே எழுதுங்க, நான் சொன்னதுங்கறதுக்காக மாத்த வேண்டாம்.

இந்த வாரியை யாரும் மேப் பண்றதே இல்லை, எனக்கு அதுல ரொம்ப நாளா வருத்தம். கயிறு நேரா உருளை மேல போகுது, அதனால மாடு எத்தனை அடி நடக்குதோ கிட்டத்தட்ட அத்தனை அடிதான் சாலும் மேல ஏறும். அப்படின்னா வாரியோட நீளத்தை அளந்தா அந்தக் கிணத்துல தண்ணி எந்த ஆழத்துல இருக்கும்னு நம்பிக் கட்டுனாங்கன்னு ஒரு கணக்கு கிடைக்குது. இன்னிக்கு அதே தோட்டத்துல போர் (ஆழ்துளைக் கிணறு) ஆயிரம் அடி போகுது. மேப்புல சும்மா ஒரு கோடு, ஆனா நிலத்தடித் தண்ணி எங்க இருந்து எங்க போச்சுங்கறதுக்கு அந்தக் கோடு ஒரு சாட்சி. வாரி மேல தென்னை வெச்சிருப்பாங்க, மண்ணு போட்டு மூடியிருப்பாங்க, சேட்டிலைட் படத்துல கிணத்தை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் நீளமா வேற நிறத்துல பட்டை தெரிஞ்சா நேர்ல போய்ப் பாருங்க. பாதி இடத்துல அது வாரியாத்தான் இருக்கும்.

சரி, கிணத்துக்கு டேக். டேக்குன்னா சாவி ஒண்ணு, அதுக்கு மதிப்பு ஒண்ணு. இங்க மேன்மேட் சாவி, வாட்டர்வெல் மதிப்பு, இது உலகம் முழுக்க இருக்கிறது, இதுல புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பம்ப் இருக்குதா இல்லையா, கையால அடிக்கிறதா மோட்டாரான்னு தனி டேக் இருக்கு. கவலை இல்லாமப் போனா கிணறு செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் 1932-ல வந்து, கோயம்புத்தூர்லயே மோட்டார் பம்ப் செய்ய ஆரம்பிச்ச பிறகு கவலை கொஞ்சங் கொஞ்சமா நின்னுது, அதே கிணத்துல மோட்டார் இறங்கிச்சு. அப்ப கிணறு உயிரோட இருக்குது, இறைக்கிற முறை மட்டும்தான் மாறிச்சு. தூணும் வாரியும் பழசு, கிணறு நடப்பு. இதை ஒண்ணாப் போட்டு ஹிஸ்டாரிக்னோ ரூயின்ஸ்னோ எழுதுனா ரெண்டுமே பொய்யாயிடுது.

இன்னொண்ணு, உங்க பக்கம் பிஏபி பாசனம். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணி மண்டலம் மண்டலமா முறை வெச்சு விடுறாங்க. வாய்க்கால்ல தண்ணி வந்தா சுத்தி இருக்கிற கிணறு ஊறும், வராத வருஷம் காஞ்சு கிடக்கும். நீங்க ஒரு மே மாசம் போய் எட்டிப் பாத்து, தரை தெரியுது, குப்பை கிடக்குது, இது அபாண்டன்ட், கைவிட்டதுன்னு போட்டுட்டு வந்தா, அடுத்த முறை தண்ணி வர்றப்ப அதே கிணத்துல பசங்க நீச்சல் அடிச்சிட்டு இருப்பாங்க. ஒரே தடவை பாத்ததை வெச்சு முடிவு பண்ணாதீங்க, பக்கத்துல ஆடு மேய்க்கிறவங்ககிட்டயோ தோட்டக்காரர்கிட்டயோ "கடைசியா எப்பங்க தண்ணி இருந்துச்சு"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பாத்த தேதியை செக்டேட்ங்கற டேக்ல போட்டுருங்க, அடுத்து வர்றவருக்கு அது எத்தனை பழைய தகவல்னு புரியும்.

மூணாவது கேள்வி, இப்ப என்ன நடக்குதுங்கறது, இந்தக் கிணத்துல ரொம்ப சுவாரசியமானது. நிறைய தோட்டத்துல ஊத்தே இல்லாத கிணத்தை இப்ப தொட்டியா வெச்சிருக்காங்க. போர்ல இருந்து நாள்பூரா கொஞ்சங் கொஞ்சமா வர்ற தண்ணியைக் கிணத்துக்குள்ள விட்டு, அங்க இருந்து இன்னொரு மோட்டார் போட்டு சொட்டு நீருக்கு எடுக்கிறாங்க. கட்டுனது கிணறு, நிலைமை நல்லா இருக்கு, நடக்கிறது சேமிப்பு. டிஸ்யூஸ்ட், யூஸ்ல இல்லைன்னு போட்டா தப்பு, சும்மா கிணறுன்னு விட்டா நிலத்தடித் தண்ணி இருக்குன்னு நினைச்சுக்குவாங்க. நான் பண்றது, வாட்டர்வெல் டேக்கை அப்படியே விட்டுட்டு டிஸ்க்ரிப்ஷன்ல தமிழ்லயே "ஊற்று இல்லை, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சேமிக்கும் தொட்டியாகப் பயன்படுகிறது"ன்னு எழுதிருவேன். இதுக்குத் தனி டேக் வேணும்னு குழுவா நினைச்சீங்கன்னா உண்டாக்கலாம், அதைப் பத்தி கீழ சொல்றேன்.

இப்ப டிஸ்யூஸ்ட், அபாண்டன்ட், ரூயின்ஸ், ரிமூவ்ட் இந்த நாலுக்கும் உள்ள வித்தியாசம். இதைத்தான் ஆளாளுக்கு ஒரு அர்த்தத்துல போட்டிருக்கீங்க. டிஸ்யூஸ்ட்னா இப்ப யூஸ் பண்ணலை, ஆனா நாளைக்கே நினைச்சா கொஞ்ச வேலையில திரும்ப ஓட்டிரலாம், மோட்டாரைக் கழட்டி வெச்சிருக்காங்க, கிணறு நல்லா இருக்கு, அந்த மாதிரி. அபாண்டன்ட்னா இருக்குது, கண்ணுக்குத் தெரியுது, ஆனா திரும்பக் கொண்டுவரணும்னா பெரிய செலவு, பக்கச் சுவர் சரிஞ்சிருச்சு, உள்ள மரம் முளைச்சிருச்சு. ரூயின்ஸ் பெரும்பாலும் கட்டடத்துக்கு, சுவர் மட்டும் நிக்குது, கூரை போச்சு. ரிமூவ்ட், டெமாலிஷ்ட், ரேஸ்ட் இதெல்லாம் இடத்துலயே இல்லைங்கறதுக்கு. இந்த வார்த்தைகளை பழைய டேக்குக்கு முன்னாடி ஒட்டி, நடுவுல கோலன் வெச்சு எழுதுறதுதான் இப்ப நல்ல வழக்கம். முன்னாடி டேக்கை அப்படியே விட்டுட்டு பக்கத்துல டிஸ்யூஸ்ட் ஈக்வல் யெஸ்னு போடுவாங்க. அதுல என்ன ஆபத்துன்னா, தகவலை எடுத்துப் பயன்படுத்துற ஆப் அந்தப் பக்கத்து டேக்கைப் படிக்காம விட்டா, காஞ்ச கிணத்தைக் குடிதண்ணிக் கிணறுன்னு காட்டிரும். மலையடிவாரத்துல நடக்கிற ஆளுக்கு அது சாதாரணத் தப்பு இல்லை.

ஆனா முன்னொட்டுலயும் ஒரு சிக்கல் இருக்குது, அதைச் சொல்லாம விட்டா உங்க குழுவுல மறுபடி குழப்பம் வரும். முன்னொட்டு போட்ட பொருள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சைட்டோட சாதா மேப்புல வரையாது. புதுசா வர்ற பையன் மேப்பைப் பாக்குறான், அங்க ஒண்ணும் இல்லை, சேட்டிலைட்ல கிணறு தெரியுது, இன்னொரு கிணறு போட்டுட்டுப் போயிடறான். எடிட்டர்ல ஜூம் பண்ணிப் பாத்தா ஒரே குழியில ரெண்டு புள்ளி. இதுக்கு ஒரே வழி, எடிட் பண்றதுக்கு முன்னாடி அங்க இருக்கிற எல்லாப் பொருளையும் எடிட்டர்லயே பாருங்க, மேப் படத்தை நம்பாதீங்கன்னு குழுவுல முதல்நாளே சொல்றது. அதை விட்டுட்டு, மேப்புல தெரியணுங்கறதுக்காக வேற டேக் போடுறது கூடவே கூடாது. கவலைத் தூணை மெமோரியல்னு போட்டா ஐகான் வருதுன்னு ஒருத்தர் போட்டிருந்ததை நான் ஒரு ஊர்ல பாத்திருக்கேன். அதே ஊர்ல நிஜ நடுகல் ஒண்ணு இருக்குது. நாளைக்கு நடுகல்லைத் தேடி வர்ற ஆராய்ச்சிக்காரர் கிணத்து மேட்டுல போய் நிப்பார்.

தூணைப் பத்திப் பேசுறப்ப இன்னொரு எச்சரிக்கை. குளம் ஏரிக்குள்ள, கரையை விட்டுத் தள்ளி, தண்ணிக்கு நடுவுல ரெண்டு கல்லுத்தூண் மட்டும் நிக்கிறதைப் பாப்பீங்க, மேல குறுக்க ஒரு கல் இருக்கும். அது கோயில் மிச்சம் இல்லை, குமிழித் தூம்பு. ஏரித் தண்ணியைத் திறந்து விட அந்தக் காலத்துல வெச்ச மடை, அடியில துளை போட்ட கல்லு, அதை அடைக்கிறதுக்கு மேல இருந்து ஒரு தண்டு. புதுக்கோட்டைப் பக்கம் கல்வெட்டோடயே நிக்குது. அதைச் சும்மா ரூயின்ஸ்னு போட்டா என்னன்னே தெரியாமப் போயிரும். மடைன்னு தெரியிற மாதிரி ஸ்லூஸ் கேட் டேக்குக்கு முன்னாடி அபாண்டன்ட் ஒட்டி, டிஸ்க்ரிப்ஷன்ல குமிழித் தூம்புன்னு தமிழ்ல எழுதுங்க. கல்வெட்டு இருந்தா போட்டோ எடுத்து விக்கிமீடியா காமன்ஸ்ல ஏத்தி அந்த லிங்க்கையும் சேருங்க.

இப்ப அழிக்கிறவர் விஷயம். அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இன்னிக்கு நிலத்துல இருக்கிறதைக் காட்டுற மேப், நேத்து இருந்ததைக் காட்டுறது இல்லை. ஆனா அவர் "யூஸ்ல இல்லை"ங்கறதையும் "இல்லை"ங்கறதையும் ஒண்ணா நினைச்சுட்டார். குழி இருந்தா அது இருக்குது, அவ்வளவுதான். அதுவும் கைவிட்ட கிணறுதான் மேப்புல முதல்ல இருக்க வேண்டியது. ராத்திரியில வண்டியோட உள்ள விழுந்தவங்க, விளையாடப் போன குழந்தைங்க, இந்தச் செய்தியை நாம எத்தனை தடவை படிச்சிருக்கோம். 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில ரெண்டு வயசுக் குழந்தை கைவிட்ட ஆழ்துளைக் கிணத்துல விழுந்தப்ப தமிழ்நாடே தூங்காம டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சு. கைவிட்ட போரை மண்ணு போட்டு மூடணும், கணக்கு வெச்சுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2010-லயே சொல்லியிருந்தது. நம்ம மேப் அந்தக் கணக்குக்குப் பதிலா நிக்காது, ஆனா ஒரு ஊராட்சியில யாராவது ஒருத்தர் "எங்க பகுதியில மூடாத கிணறு எத்தனை"ன்னு கேட்டா, ஓவர்பாஸ்ங்கற தேடுற கருவியில ஒரு தேடல் போட்டு பட்டியல் எடுத்துக் குடுக்க முடியணும். அதுக்கு அழிக்காம இருக்கணும், எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கணும். அதனால கைவிட்ட கிணத்துக்கு நான் கட்டாயம்னு சொல்றது ஒண்ணே ஒண்ணு: சுத்துச்சுவர் இருக்குதா இல்லையா. இருந்தா பேரியர் வால்னு சுத்தி வரைங்க, இல்லைன்னா டிஸ்க்ரிப்ஷன்ல "சுற்றுச்சுவர் இல்லை"ன்னு எல்லாரும் இதே ரெண்டு வார்த்தையில எழுதுங்க. ஒருத்தர் "கைப்பிடிச் சுவர் கிடையாது", இன்னொருத்தர் "திறந்த கிணறு"ன்னு எழுதுனா தேடறப்ப பாதி விட்டுப்போகும்.

முழுசா மூடி, உழுது, மேல மக்காச்சோளம் நிக்குதுன்னா தாராளமா எடுத்துருங்க. ஒரே ஒரு விதிவிலக்கு, சேட்டிலைட் படம் பழசா இருந்து அதுல இன்னும் கிணறு தெரியுதுன்னா, கொஞ்ச நாளைக்கு ரிமூவ்ட் முன்னொட்டோட விட்டு வைங்க, இல்லைன்னா வீட்ல உக்காந்து படத்தைப் பாத்து வரையிற யாராவது திரும்பப் போட்டுருவாங்க. புதுப் படம் வந்ததும் எடுத்துரலாம். அந்தக் கிணறு எந்த வருஷம் வெட்டுனது, எந்த வருஷம் மூடுனதுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருந்து அதைப் பதிவு பண்ண ஆசைன்னா, ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப்னு தனியா ஒண்ணு இருக்கு, ஆரம்ப தேதி முடிவு தேதியோட அங்க போடுங்க, அது அதுக்குன்னே இருக்கிற இடம்.

கட்டடத்துக்கு வர்றேன், இது சுலபம். பில்டிங் டேக்ல எழுதுறது கட்டுன வடிவத்தை, இப்ப உள்ள நடக்கிறதை இல்லை. இங்கிலாந்துல கென்ட் பக்கம் பீருக்குப் போடுற ஹாப்ஸ் காயப்போட கூம்புக் கூரை வெச்ச கட்டடங்கள் இருக்குது, பாதிக்கு மேல இன்னிக்கு வீடாயிருச்சு, ஆனா வெளிய இருந்து பாக்குற யாருக்கும் அது என்னவா கட்டுனதுன்னு தெரியும். அதே மாதிரி நம்ம மாட்டுக் கட்டுத்தரையில இப்ப தேங்காய் மட்டை அடுக்கியிருந்தாலும் அது கவ்ஷெட்தான், உள்ள நடக்கிறது பில்டிங் யூஸ்ல போகும். மோட்டார் ரூமுக்கு ஃபார்ம் ஆக்ஸிலரி, அதாவது பண்ணைத் துணைக் கட்டடம், போதும். சாளைக்குக் கவனம்: ஆளு குடியிருக்கக் கட்டுனதுன்னா பில்டிங் ஃபார்ம், அது பண்ணை வீட்டுக்கான டேக். சாமான் வெக்கக் கட்டுனதுன்னா ஃபார்ம் ஆக்ஸிலரி. நிறைய பேர் தோட்டத்துல இருக்கிற எல்லாக் கொட்டகைக்கும் பில்டிங் ஃபார்ம்னு போட்டுட்டுப் போறாங்க, பாக்க ஊர் நிறைய பண்ணை வீடு மாதிரி ஆயிடுது. கூரை போயி சுவர் மட்டும் நின்னா அப்ப ரூயின்ஸ் முன்னொட்டு. ஓடு நாலு விழுந்ததுக்கெல்லாம் ரூயின்ஸ் போடாதீங்க.

களம்தான் எனக்கே ரொம்ப நாள் பிடிபடாம இருந்தது. கல்லுப் பாவுனதோ, சாணி மொழுகுன மண்தரையோ, பின்னாடி சிமெண்ட் போட்டதோ, வட்டமாவோ சதுரமாவோ ஒரு மேட்டுல இருக்கும். மாடு கட்டிப் போரடிச்சது போய் மெஷின் வந்துருச்சு, அதனால களம் செத்ததுன்னு நினைச்சு ஒரு வருஷம் நானே நாலஞ்சு களத்தை டிஸ்யூஸ்ட்னு போட்டேன். வெயில் காலத்துல திரும்பப் போனா அத்தனையிலயும் கொப்பரை காயுது. பொள்ளாச்சி காங்கேயம் பக்கம் தேங்காய் வந்ததுல களத்துக்கு மறுபிறப்பு, தானியத்துக்குக் கட்டுனது இன்னிக்குக் கொப்பரைக்கு. எல்லாத்தையும் திருத்துனேன். களத்தைப் புள்ளியாப் போடாம பரப்பா வரைங்க, தரை கல்லா சிமெண்டா மண்ணான்னு சர்ஃபேஸ்ல போடுங்க. முதன்மை டேக்குக்கு நாமளா ஒண்ணு உண்டாக்குறதுக்கு முன்னாடி எந்த டேக் எவ்வளவு பயன்படுதுன்னு காட்டுற டேக்இன்ஃபோல திரெஷிங் ஃப்ளோர்னு தேடிப் பாருங்க. போரடிக்கிற களம் நம்மகிட்ட மட்டும் இருந்தது இல்லை, ஸ்பெயின்ல எராம்பாங்க, கிரீஸ்ல அலோனிம்பாங்க, அங்க மலைச்சரிவு நெடுக வட்ட வட்டமாக் கல்லு பாவுனது இன்னும் இருக்குது. அந்த நாட்டு ஆளுங்க எதை அதிகமாப் போடுறாங்களோ அதையே நாமளும் போட்டா உலகம் முழுக்க ஒரே தேடல்ல வரும்.

ஹிஸ்டாரிக் டேக் எப்ப? என்னோட அளவுகோல் கறாரானது, உங்களுக்கு ஒத்துவரலைன்னா விவாதிக்கலாம். பழசுங்கறதுக்காகப் போட மாட்டேன், அது ஏன் முக்கியம்னு ஒரு வாக்கியம் என்னால எழுத முடிஞ்சாத்தான் போடுவேன். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறை கோயில்ல நாயக்கர் காலத்து நெல் களஞ்சியம் நிக்குது, செங்கல்லுல கட்டுன வட்டக் களஞ்சியம், 3,000 கலம் நெல் கொள்ளும்னு சொல்வாங்க. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ள கொட்டாரம்னு வட்ட வட்டமா நெல் களஞ்சியங்கள் இருக்குது. இதெல்லாம் சந்தேகமே இல்லாம ஹிஸ்டாரிக். கல்வெட்டு இருக்கிற கல்செக்கு, அதுவும் சரி. ஆனா நம்ம தாத்தா காலத்துக் கிணறு அத்தனைக்கும் போட்டா, நிஜமாத் தேடறவங்களுக்கு அந்த டேக் உபயோகம் இல்லாமப் போயிரும். வெட்டுன வருஷம் தெரிஞ்சா ஸ்டார்ட் டேட்ல போடுங்க, சில கிணத்துச் சுவர்லயோ மோட்டார் ரூம் நெத்தியிலயோ வருஷம் பொறிச்சிருப்பாங்க. பழமைக்கு அந்தத் தேதியே போதும்.

பேரு விஷயத்துல கொஞ்சம் நின்னு பேசணும். நேம் டேக்ல "பழைய கிணறு", "இடிந்த மோட்டார் ரூம்"னு எழுதியிருக்கீங்க, அது பேர் இல்லை, விவரம், டிஸ்க்ரிப்ஷனுக்குப் போகட்டும். ஊர்ல எல்லாரும் "வேப்பமரத்துக் கிணறு"ன்னு சொன்னா, மரம் இன்னிக்கு இல்லைன்னாலும் அது பேர். கஷ்டம் எங்கன்னா, பாதிக் கிணறும் தோட்டமும் ஆள் பேர்லதான் இருக்கும். இன்னிக்கு இருக்கிற உரிமையாளர் பேரை எழுதவே கூடாது, அது அவரோட சொந்தத் தகவல், அவர் சம்மதிச்சாலும் நான் போட மாட்டேன், நாளைக்கு வித்துட்டாலும் மேப்புல அவர் பேரே நிக்கும். ஆனா ரெண்டு மூணு தலைமுறைக்கு முன்னாடி இருந்த ஒருத்தர் பேரால ஊரே அந்த இடத்தைச் சொல்லுது, பஸ்ல கூட அந்தப் பேர் சொல்லித்தான் இறங்குறாங்கன்னா அது ஊர்ப் பேராயிருச்சு, எழுதலாம். சாதிப் பேர் வெச்சுச் சொல்ற கிணறும் வரும். யார் எந்தக் கிணத்துல தண்ணி எடுக்கலாம், எடுக்கக் கூடாதுன்னு இருந்த காலத்தோட மிச்சம் அது. மேல்தெருக்காரங்க சொல்ற பேரைக் கேட்டுட்டு வந்து எழுதிராதீங்க, அந்தக் கிணத்துல தண்ணி எடுத்தவங்க அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு அவங்ககிட்டயே கேளுங்க, பெரும்பாலும் வேற பேர் இருக்கும், அதைத்தான் எழுதணும்.

எங்க இருந்து தகவல் எடுக்கலாம்னா, நேர்ல பாத்தது, நேர்ல கேட்டது, எடிட்டர்லயே வர்ற பிங் மாதிரி அனுமதி உள்ள சேட்டிலைட் படம், அவ்வளவுதான். கூகுள் மேப்பைப் பாத்துப் போடுறது கூடாது, உரிமம் ஒத்துவராது. விஏஓ ஆபீஸ் நிலப் பதிவான அ-பதிவேட்டுல களம் புறம்போக்குன்னு எங்கெங்க இருந்துச்சுன்னு தெரியலாம், அதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்க, ஆனா மேப்புல எழுதுறது நீங்க பாத்ததா இருக்கட்டும்.

இனி எப்படி ஒத்துப்போறது. வாட்ஸ்அப்ல பேசி இது முடியாது, நான் பாத்தவரைக்கும் ஒரு குழுவுலயும் முடிஞ்சதில்லை, ஏன்னா ஒவ்வொருத்தர் மனசுலயும் வேற வேற கிணறு இருக்குது. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அந்த மூணு பேரும் சேர்ந்து கிளம்புங்க. பத்துப் பன்னெண்டு இடம் போதும், நல்லா ஓடுற கிணறு ஒண்ணு, தொட்டியா இருக்கிறது ஒண்ணு, பக்கம் சரிஞ்சது, பாதி மூடுனது, ரெண்டு களம், நாலஞ்சு சாளைன்னு கலந்து இருக்கட்டும். ஒவ்வொரு இடத்துலயும் பேசாம ஆளுக்கு ஒரு சீட்டுல மூணு கேள்விக்கும் பதில் எழுதுங்க, அப்புறம் காட்டுங்க. "என்னவா கட்டுனது"ல சண்டையே வராது, "இப்ப என்ன நடக்குது"ல தோட்டக்காரரைக் கேட்டா முடிஞ்சிரும், மிச்சம் டிஸ்யூஸ்டா அபாண்டன்டாங்கற ஒண்ணுதான் நிக்கும். அந்த எல்லையை அங்கயே நின்னு தீர்மானிங்க, "பக்கச் சுவர் சரிஞ்சிருந்தா அபாண்டன்ட், இல்லைன்னா டிஸ்யூஸ்ட்" அப்படின்னு கண்ணால பாத்துச் சொல்ற மாதிரி. பாக்குற எவரும் ஒரே பதிலுக்கு வர்ற அளவுகோல்தான் நிக்கும். அந்தப் பத்து இடத்தோட போட்டோவை, பக்கத்துல முடிவான டேக்கோட, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் விக்கியில ஒரு பக்கமாப் போட்டு வைங்க, புது ஆளு வந்தா அந்தப் பக்கத்தைக் காட்டுனா போதும்.

கவலைக்கும் வாரிக்கும் புது டேக் வேணும்னு தோணுச்சுன்னா யாரு அனுமதியும் தேவையில்லை, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல நினைச்ச டேக்கை எழுதலாம். ஆனா வாட்டர்வெல்லை மாத்திட்டு அந்த இடத்துல "கவலை"ன்னு போடாதீங்க, வாட்டர்வெல் இருக்கட்டும், இறைக்கிற முறைன்னு பக்கத்துல ஒரு துணை டேக்கா சேருங்க. அப்ப தமிழ் தெரியாத ஆப்புக்கும் அது கிணறுதான், தேடறவங்களுக்கு கவலையும் கிடைக்கும், ஏத்தம் வெச்ச கிணறும் யாழ்ப்பாணத்துத் துலாக் கிணறும்கூட அதே டேக்குக்குள்ள வரலாம். நாலஞ்சு மாவட்டத்துல போட்டு நல்லா ஓடுதுன்னு தெரிஞ்ச பிறகு முறைப்படி முன்மொழியலாம். ரெண்டு வாரம் கருத்துக் கேட்கணும், ரெண்டு வாரம் ஓட்டு, குறைஞ்சது 8 ஆதரவு ஓட்டும் 75 சதவீதமும் வேணும். எதிர்த்து எழுதுறவங்க பெரும்பாலும் "இது என்னன்னு எனக்குத் தெரியலை"ங்கறதாலதான் எதிர்ப்பாங்க, அதனால போட்டோவும், சாலு மேல வர்ற படமும், வாரியோட அளவும் முன்கூட்டியே தயாரா இருக்கட்டும். அங்க இருக்கிற பண்ணை வார்த்தைகள்ல பெரும்பாலானது ஐரோப்பாவுல இருந்து வந்தது, நம்ம பக்கத்துல இருந்து யாரும் போய்ச் சொல்லாததால நம்ம பொருளுக்கு வார்த்தை இல்லாம இருக்குது.

கடைசியா அந்த ஒரே நைட்ல மாத்துன விஷயம். ஒவ்வொரு பொருளையும் பாக்காம கூட்டமா மாத்துறதுக்கு முன்னாடி கலந்து பேசணும்ங்கறது அங்க இருக்கிற விதி, அதை மீறியிருக்கார், ஆனா அவர்மேல கோவப்பட்டு நீங்களும் அத்தனையையும் ஒரே கிளிக்ல திருப்பிராதீங்க. அதுல நாலஞ்சு நிஜமாவே ரூயின்ஸா இருக்கும். அவரோட அந்த சேஞ்ச்செட்டுக்கு (ஒரே தடவையில சேமிச்ச மாற்றங்களோட தொகுப்பு) கீழயே மரியாதையா ஒரு கருத்து எழுதுங்க, என்ன பாத்து மாத்துனீங்கன்னு கேளுங்க, ஞாயித்துக்கிழமை நடைக்கு அவரையும் கூப்பிடுங்க. போற வழியில, கவலை ஓட்டுன கை யாராவது இன்னும் ஊர்ல இருந்தாங்கன்னா, எண்பது வயசுக்கு மேலதான் இருப்பாங்க, முதல் கிணத்துக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. வடம், சாலு, வாரி, உருளை ஒவ்வொண்ணுக்கும் உங்க ஊர்ல என்ன பேருன்னு அவங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு, வாரி எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சுதுன்னு அவங்க காலால நடந்து காட்டுற இடத்துல ஜிபிஎஸ்ஸை ஆன் பண்ணிக்கிட்டு பின்னாடியே நடங்க.